கடல் பூதத்தின் நெஞ்சுக்கூடு

கடல் பூதத்துக்கு நுரையீரல் இரண்டு. இரண்டுமே பழைய லாரி டியூப். விலா எலும்பு மூங்கில், முதுகெலும்பு இரும்புக் குழாய், தோல் ராஜபாளையத்துப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணி. ஏழு மடிப்பாகப் பசை போட்டு ஒட்டி, மேலே பாசிப் பச்சையும் சாம்பலும் அடித்திருந்தார்கள். தலையிலிருந்து வால் நுனிவரை அறுபதடி. தொண்டைக்குள் ஒரு சட்டி கருவாடு இருந்தது. பூதம் மூச்சு விட்டால் முன்வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கடல் வாடை அடிக்க வேண்டும் என்பது பொருட்காட்சி நடத்தும் நஸ்ருதீனின் யோசனை.

நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு பலகை. பலகையின் மேல் மொக்கைச்சாமி.

காலடியில் தறி மிதி போல ஒரு கட்டை உண்டு. அதை மிதித்தால் கயிறு இழுபட்டு விலா எலும்புகள் ஓரடி மேலே ஏறும். காலை எடுத்தால் இறங்கும். இறங்கும்போது டியூப் நசுங்கி, வாய் வழியாக 'புஸ்ஸ்' என்று காற்று போகும். வெளியே பிள்ளைகள் வீறிடும். சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே போனால் பத்து மணிக்குத்தான் வெளியே வர முடியும். உள்ளே வெக்கை என்றால் அப்படி ஒரு வெக்கை. பனியனைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொள்வார். ஆனாலும் உட்கார்ந்து செய்கிற வேலை.

அந்த ஒன்றுக்காகத்தான் அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் ஒரு மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மிஷினில் நின்றவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இனி தூசி ஆகாது, பாரம் ஆகாது, நெடுநேரம் நிற்கவும் ஆகாது என்று டாக்டர் சொன்னபோது அவருக்கு ஐம்பத்தொரு வயது. தூசியும் பாரமும் நிற்பதும் இல்லாத வேலை ராஜபாளையத்தில் எங்கே இருக்கிறது? வாட்ச்மேன் வேலைக்குப் போய்ப் பார்த்தார். காம்பவுண்டை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் மூச்சு முட்டியது. பிறகுதான் நஸ்ருதீன் கிடைத்தான். இரண்டு வருஷமாக ஊர் ஊராகப் பூதத்துக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

வேலையாட்கள் பூதத்தை 'அண்ணாச்சி' என்பார்கள். படுத்த இடத்திலிருந்தே இத்தனை பேரை வேலை வாங்குகிறதே, அதனால்.

ராஜபாளையத்தில் ஒரு மாதம் கிடந்த அண்ணாச்சியைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஆடிப்பூரத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டியிருந்தார்கள். மொக்கைச்சாமி தினமும் பஸ்ஸில் வந்து போனார். ஞாயிற்றுக்கிழமை தேர். அதற்கு முந்தின புதன்கிழமைதான் வினை வந்தது.

உள்ளூர்க் கல்லூரியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு விலங்கியல் டீச்சர் வந்திருந்தார். பெயர் ஆனந்தவல்லி. பூதத்தின் கழுத்தருகே நின்று, பக்கத்துக்கு ஐந்தாக வெட்டி, உள்ளே சிவப்பு விளக்கு போட்டிருந்த செவுள்களைப் பார்த்தார். பிறகு ஏறி இறங்குகிற நெஞ்சைப் பார்த்தார். "செவுள் இருக்கு, சரி. பொறவு நெஞ்சு ஏன் ஏறி இறங்குது? யாராவது சொல்லுங்க பாப்போம்" என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஒருத்தி அதை போனில் படம் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் நஸ்ருதீன் போனை நீட்டிக்கொண்டு வந்தான். கூடவே பெயிண்டர் வல்லரசு. அந்தச் செவுள்கள் வல்லரசு செய்தவை.

"மொக்கைச்சாமிண்ணே, செத்த இங்க வாங்க. இதப் பாத்தீகளா?"

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை வல்லரசு படித்துக் காட்டினான். "'செவுள் வழியாவும் மூச்சு விடுது, நெஞ்சு வழியாவும் விடுது, பின்பக்கம் வழியாவும் விடுமா?' இது ஒருத்தன். 'நாலு மூச்சுக்கு ஒருக்க நிக்குது, பூதத்துக்கு ஆஸ்துமா போல.' இது இன்னொருத்தன்."

மொக்கைச்சாமி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். நாலு மூச்சுக்கு ஒருமுறை அது நிற்பது அவருக்கு இருமல் வருவதால். அந்த நேரத்தில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவார். வெளியே ஸ்பீக்கர் அலறுவதால் யாருக்கும் கேட்காது.

நஸ்ருதீனுக்கு வலித்தது வேறு இடத்தில். அவன் கல்லூரியில் இரண்டு வருஷம் சயின்ஸ் படித்துவிட்டு, வாப்பா மதார் சாகிப் படுத்துவிட்டதால் ராட்டினத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவன். வாசலில் 'முழுக்க முழுக்க விஞ்ஞான முறைப்படி அமைக்கப்பட்டது' என்று அவன்தான் போர்டு வைத்திருந்தான். அந்தப் போர்டையும் சேர்த்துப் படம் பிடித்திருந்தாள் அந்தப் பெண்.

"ரெண்டுல ஒண்ணுதாண்ணே இருக்கணும். செவுளா, நெஞ்சா" என்றான்.

"அப்ப செவுள அடைச்சிருங்க பாய்."

"எது?" வல்லரசு எகிறினான். "பன்னெண்டு நாள் வேலண்ணே அது! இதழ் இதழா ஒட்டியிருக்கேன். போட்டோ எடுக்கிறவன் பூராம் அங்கனதான் நிக்கான். உம்ம நெஞ்ச எவன் போட்டோ எடுத்தான்?"

"ஏலே, சும்மா இரு" என்றான் நஸ்ருதீன். "அண்ணே, வைப்பர் மோட்டார் ஒண்ணு போட்டா செவுள் தானா தொறந்து தொறந்து மூடும். நெஞ்ச ஆணியடிச்சு நிறுத்திரலாம். சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும். தேருக்கு வர்ற கூட்டம் சிரிக்கக் கூடாது."

"அப்ப நானு?"

நஸ்ருதீன் ராட்டினத்தின் பக்கம் பார்த்தான். "பொட்டிக் கதவ மாட்டி விடுறதுக்கு ஆளு வேணும்." அதைப் பார்த்தபடியே சொன்னான்: "நின்னுட்டே இருக்கணும். அதான் யோசனையா இருக்கு."

அன்றைக்கு ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே அவர் மனைவி மாடத்தி கேட்டாள். "ராட்டினத்துலயா? மாடிப்படி ஏறி வந்தாலே சொவத்தப் பிடிச்சிட்டு அர மணி நேரம் நிக்கீக. நீங்க ராட்டினத்துக்குக் கதவு மாட்டுனா, ஏறுனவன் எறங்க மாட்டான்."

"போறேன்னு சொல்லலயே."

"போகாம?" கம்பெனியில் பேண்டேஜ் சுருட்டிச் சுருட்டிக் காய்த்துப்போன விரல்களால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அவளுடைய ஒரு ஆள் வேலையில்தான் அந்த வீடு முன்பு எட்டு மாதம் ஓடியது. இருவருக்கும் அது ஞாபகம் இருந்தது, இருவரும் அதைப் பேசவில்லை. "அந்த டீச்சரம்மா வாய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

"அவிய ஒண்ணும் தப்பாச் சொல்லலட்டி. கேக்கத்தான செஞ்சாக."

வெள்ளிக்கிழமை காலையில் தக்காளி வாங்க மார்க்கெட்டுக்குப் போனவர், மாரிக்கனியின் அலுமினியச் சட்டி முன்னால் நின்றுவிட்டார். மாரிக்கனி சுந்தரபாண்டியத்துப் பக்கம் வற்றுகிற கண்மாய்களில் பிடித்த மீனை உயிரோடு கொண்டுவந்து விற்கிறவள். சட்டியில் நாலைந்து விரால் கறுப்பாக நெளிந்தன. ஒன்று மேலே வந்து வாயை நீட்டி ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு கீழே போனது. மொக்கைச்சாமி அப்படியே குந்திவிட்டார். கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது. பிறகு முதலில் வந்ததே திரும்ப வந்தது.

"என்னண்ணே, மீன் வாங்க வந்தீகளா, மீனுக்குச் சாதகம் பாக்க வந்தீகளா?"

"இது என்னத்துக்கும்மா மேல மேல வருது?"

"மூச்சு வாங்கத்தான். மேல வர விடாம வலையப் போட்டு அமுக்கி வச்சா தண்ணிக்குள்ளயே செத்துப்போகும்."

"அதுக்குத்தான் செவுள் இருக்கே."

"இருந்தா என்ன? இதுவும் வேணும் அதுக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான். உங்களுக்கு ரெண்டு காது இருக்குல்லா, நான் சொல்றது ஒண்ணுலயாவது ஏறுதா?"

தக்காளிக்கு வைத்திருந்ததில் ஒரு விராலை வாங்கினார். அவளிடமே ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியையும் கடன் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மீன் துள்ளித் தண்ணீர் சிதறியதும் பக்கத்தில் இருந்தவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இவருக்கு டிக்கெட்டா, பாஸா?"

"காலேஜுக்குப் போகுதுய்யா" என்றார் மொக்கைச்சாமி.

"அட்மிஷன் முடிஞ்சு போச்சே!"

பஸ்ஸே சிரித்தது. அவர் துண்டால் வாளியை மூடப் போனார். மாரிக்கனி சொன்னது ஞாபகம் வர, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நனைந்தபடியே போனார்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் வாளியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேப்பமரத்து நிழலில் உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் ஆனது. விடைத்தாள் கட்டோடு வந்த ஆனந்தவல்லிக்கு நாற்பது வயது இருக்கலாம். நாலு வகுப்பு எடுத்த தொண்டை கம்மிப்போயிருந்தது. யார், என்ன என்று கேட்கக்கூடத் தெம்பில்லாத முகம்.

"டீச்சர், புதன்கிழமை பொருட்காட்சிக்கு வந்திருந்தீகளே. அந்தக் கடல் பூதம்..."

"ஆமா?"

"அதுக்குள்ள நான்தான் இருக்கேன்."

ஆனந்தவல்லி விடைத்தாள் கட்டைத் திண்டில் வைத்தார். "அந்த மூச்சு நீங்களா?"

"நான்தான். நாளையோட நிறுத்தப் போறாக."

அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "பிள்ளைக யோசிக்கட்டும்னு கேட்டேன்" என்றார் ஆனந்தவல்லி. "பதில் சொல்றதுக்கு முன்னாடியே சிரிச்சு, படம் பிடிச்சு... உள்ள ஒரு ஆள் இருப்பாருன்னு எனக்குத் தோணவே இல்லண்ணே."

"யாருக்கும் தோணாது டீச்சர். அதான வேலை." வாளியை முன்னால் தள்ளினார். "இதப் பாருங்க. இதுக்குச் செவுளும் இருக்கு, காத்தும் குடிக்குது. அப்ப அண்ணாச்சிக்கும் இருக்கலாம்ல?"

ஆனந்தவல்லி குனிந்து பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று லேசானது. ஆனால் உண்மையைத்தான் சொன்னார். "இருக்கலாம். ஆனா விராலுக்குக் காத்து நிக்கிற அறை தலையில, செவுளுக்கு மேல இருக்கு. நெஞ்சு ஏறி எறங்காது."

மொக்கைச்சாமி தலையாட்டினார். வந்த வழியே திரும்பிப் போகிற தூரத்தை நினைத்தபோது அவருக்கு இருமல் வந்தது. துண்டுக்குள் இருமி முடிக்கிறவரை ஆனந்தவல்லி அவருடைய தோள்கள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க பூதம் இப்ப எங்க கெடக்கு?"

"மைதானத்துல."

"தண்ணியில இல்லையே?"

"தண்ணி எங்க டீச்சர் இருக்கு? குடிக்கவே லாரி வரணும்."

"பொறவு என்ன! கரையில கெடக்குற பிராணிக்குச் செவுள் எதுக்கு ஆகும்? செவுளோட இதழ் தண்ணியில இருந்தாத்தான் பிரிஞ்சு நிக்கும். வெளிய வந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும்."

"நனஞ்ச பேண்டேஜ் துணி மாதிரி."

"அதேதான்! அப்ப நுரையீரல் இருந்தாத்தான அது பொழைக்கும்? செவுள், நுரையீரல் ரெண்டும் இருக்குற மீனு ஆப்பிரிக்காவுல நெசமாவே இருக்கு. ஆறு வத்தும்போது சேத்துக்குள்ள கெடந்து மூச்சு விடும்."

ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் விராலைத் தொட்டியில் விட்டார். ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். கம்மிய குரல் மெல்லத் தெளிந்தது. இவ்வளவு பெரிய உடம்புக்குச் செவுள் மட்டும் போதாது, வெதுவெதுப்பான கடலில் காற்று குறைவாகத்தான் கரைந்திருக்கும், அதனால் ஆழத்தில் செவுளும் மேலே வந்தால் நுரையீரலும் வேண்டும் என்றார். எலியின் இதயம் படபடவென்று அடிக்கும், யானையுடையது மெதுவாக, திமிங்கிலத்துடையது அதைவிட மெதுவாக. அப்படியானால் பூதத்தின் இதயம் ஒரு அடி அடித்தால், அடுத்த அடிக்கு முன்னால் நாம் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம்.

"தண்ணி தாங்கிட்டு இருந்த ஒடம்புண்ணே. கரைக்கு வந்ததும் அதோட கனமே அதோட நெஞ்ச அமுக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கனத்தத் தூக்கணும். அதனால வேகமா மூச்சு விடாது. ஒண்ணு விட்டுட்டு, தெம்பு சேர்ற வரைக்கும் அப்படியே கெடக்கும். மூணு நிமிஷம்னு வைங்களேன்."

மொக்கைச்சாமிக்கு அதற்குப் படம் தேவைப்படவில்லை. வீட்டு மாடிப்படியில் அவர் மூச்சுக்காக நிற்கிற ஏழாவது படி அது.

"இதெல்லாம் உண்மையா டீச்சர்?"

"பூதம் மட்டும்தான் பொய். மத்ததெல்லாம் உண்மை." தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, படிப்பையும் எழுதிக் கொடுத்தார்.

நஸ்ருதீன் அந்தத் தாளை மூன்று தரம் படித்தான். மூன்றாவது தரம் உதடு அசையப் படித்தான். "திசு, பரப்பளவு, கரைதிறன்..." என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். படிப்பை விட்ட நாளிலிருந்து அந்த வார்த்தைகள் அவன் வாய்க்கு வந்ததில்லை.

"விஞ்ஞானம் சரிதாண்ணே. ஆனா மூணு நிமிஷம் அசையாமக் கெடந்தா சனம் நிக்குமா?"

"மூச்சுக்குப் போராடுற சீவனச் சுத்தி நிக்காம, நம்ம சனம் வேற எங்க போகும் பாய்?"

நஸ்ருதீன் யோசித்தான். "நாளைக்கு ஒரு நாள் பாப்போம். சனம் நின்னா நீங்க. நிக்கலன்னா மோட்டாரு. மோட்டார் வாங்கி வச்சாச்சு, தெரியும்ல?" போகிறவன் திரும்பினான். "மூணு நிமிஷம் சும்மாதான இருப்பீக? வால ஆட்டுற கயித்தையும் நீங்களே இழுத்துருங்களேன்."

"வாலாட்டத் தெம்பு ஏது பாய்? தாளப் பாருங்க."

தாளைப் பார்த்தான். வாலாட்டத் தெம்பு இல்லைதான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மொக்கைச்சாமி உள்ளே போய் உட்கார்ந்தார். செவுள் விளக்குகள் அணைந்திருந்தன. இதழ்கள் ஒட்டிக்கொண்டதுபோலத் தெரிய வல்லரசு முணுமுணுத்துக்கொண்டே கோந்து பூசியிருந்தான். ஸ்பீக்கரில் பாட்டு இல்லை. நஸ்ருதீன் மைக்கில் தாளை நிறுத்தி நிறுத்திப் படித்தான். படித்துவிட்டு மைக்கையும் அணைத்தான்.

வெளியே சலசலப்பு. உள்ளே துணித் தோல் வழியாக எல்லாம் கேட்டது.

"ஏலே, கரண்டு போச்சா?"

"பொம்மடா. வா, பஜ்ஜி திங்கப் போவோம்."

"செத்த இருடா. மூணு நிமிஷம்னாருல்ல."

செருப்புச் சத்தம் விலகிப் போவதை மொக்கைச்சாமி எண்ணாமல் இருக்கப் பார்த்தார். இரண்டு ஜோடி. பிறகு ஒரு கூட்டமே. கையிலிருந்த பழைய செல்போனில் நிமிஷம் நகர மறுத்தது. இப்போதே மிதித்துவிடலாமா என்று கால் கேட்டது. மிதித்தால் அது பழைய பூதம், ஊர் சிரித்த பூதம். காலைக் கையால் பிடித்துக்கொண்டு இருந்தார்.

மூன்றாவது நிமிஷம் முடிந்ததும் மிதித்தார். வழக்கம்போல ஒரே மிதியாக அல்ல. கனத்தைத் தூக்குகிறவன்போல, பாதியில் நிறுத்தி, மறுபடி மிதித்து, விலா எலும்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மேலே போனதும் அப்படியே பிடித்தார். வெளியே பேச்சு நின்றது. விட்டார்.

'புஸ்ஸ்...'

யாரோ ஒரு பொம்பளை, "அடப் பாவமே" என்றாள்.

விலகிப் போன செருப்புகள் திரும்பி வந்தன. அடுத்த மூன்று நிமிஷமும் சத்தமே இல்லை. அந்த அமைதியை அவர் கணக்கில் வைக்கவில்லை. இருமல் வந்தபோதுதான் உறைத்தது. துண்டை வாய்க்குள் திணித்தார், மூச்சை அடக்கினார், கண் பிதுங்கியது. அடங்கவில்லை. அறுபதடி பூதத்தின் வயிற்றிலிருந்து ஒரு மனுஷ இருமல் அடுக்கடுக்காக மைதானத்தில் விழுந்தது.

எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"பொறையேறிட்டு அதுக்கு" என்றது ஒரு ஆம்பளைக் குரல்.

"உப்புத் தண்ணி நெஞ்சுல ஏறியிருக்கும்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துக் கழுத்துப் பக்கத்து மடிப்பை விலக்கி நஸ்ருதீன் தலையை நீட்டினான். வேர்த்து ஊற்றியது அவனுக்கும். "பாதைய அடச்சிட்டு நிக்காங்கண்ணே. போலீஸ்காரர் வந்து சத்தம் போட்டுட்டு, அவரும் நிக்காரு. மோட்டார வல்லரசுகிட்டக் குடுத்துக் கடையில திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டேன்." பிறகு குரலை இறக்கிச் சொன்னான்: "இருமல் வந்தா அடக்காதீக."

மொக்கைச்சாமிக்குச் சந்தோஷம் வரவேண்டும். வந்தது அலுப்புதான். நாளைக்குத் தேர்க் கூட்டம், அதற்கு மறுநாள் பாதிக் கூட்டம், பிறகு கழற்றி ஏற்றி அடுத்த ஊர். முதுகைப் பலகையில் சாய்த்துக் காலை நீட்டினார். இரண்டு வருஷத்தில் அங்கே கால் நீட்டி உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஏழு மணி வாக்கில் கூட்டம் இன்னும் நெருங்கியது. தோல்மேல் கைகள் படுவது தெரிந்தது. கம்பித் தடுப்பைத் தாண்டி வந்திருக்க வேண்டும். காற்று வருகிற இண்டு இடுக்கெல்லாம் அடைபட்டு உள்ளே புழுங்கியது. நெஞ்சு இழுத்தது. மிதிக்க வேண்டிய நேரம் வந்தும் கால் எழவில்லை.

அப்போது ஒரு குரல் கேட்டது. பேண்டேஜ் கம்பெனிப் பொம்பளைகளோடு கோயிலுக்கு வந்த மாடத்தி இங்கேயும் வந்திருக்கிறாள்.

"ஏ, தள்ளுங்கய்யா! ஏட்டி, பிள்ளையத் தூக்கிட்டுப் பின்னால போ. இம்புட்டுப் பேரும் மூஞ்சிக்கு நேரா நின்னா அது எப்படி மூச்சு விடும்? காத்து வர விடுங்க!"

"ஏ பெரியம்மா, அது பொம்ம!"

"இருக்கட்டும். நீ தள்ளு."

ஒருவன் நகர்ந்தான். அடுத்தவன் நகர்ந்தான். மயங்கி விழுந்த ஆளைச் சுற்றி நிற்கிற கூட்டம்போல, அத்தனை பேரும் இரண்டடி பின்னால் போனார்கள். இண்டு இடுக்கு வழியாக ஆடிக் காற்று உள்ளே வந்து மொக்கைச்சாமியின் முகத்தில் பட்டது. அதை ஒரு வாய் இழுத்துக்கொண்டு, காலைக் கட்டையின்மேல் வைத்து, மெல்ல மிதித்தார்.